வாசலில் நின்ற வழக்குகள்

ஆட்கொணர்வின் கதை: 17

சென்ற இதழில் மெக்கார்டிலோடு நிறுத்தியிருந்தோம். மிசிசிப்பி மாநிலத்து விக்ஸ்பர்க் நகரின் பத்திரிகை ஆசிரியர். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ராணுவ நிர்வாகத்தைத் திட்டி எழுதி மாட்டிக்கொண்டவர். அவருடைய ஆட்கொணர்வு மேல்முறையீட்டில் வாதமெல்லாம் முடிந்திருந்த வேளையில், 1868 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த மேல்முறையீட்டு உரிமையையே சட்டம் போட்டு எடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றமும் எங்களுக்கு அதிகாரமில்லை என்று கையை விரித்தது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க 1885 ஆகிவிட்டது.

திருப்பிக் கொடுத்தபோது கூடவே ஒரு தலைவலியும் வந்து சேர்ந்தது. 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆட்கொணர்வு மனுவோ அதன் மேல்முறையீடோ நிலுவையில் இருக்கும்வரை, மாநில அரசு அந்தக் கைதி மீது எடுக்கும் எந்த நடவடிக்கையும் செல்லாது. தூக்குத் தேதி குறிக்கப்பட்ட கைதியின் வக்கீலுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஃபெடரல் நீதிமன்றத்தில் மனு போட வேண்டியது. தள்ளுபடியானால் அங்கேயே வாஷிங்டனுக்கு மேல்முறையீடு. யாரிடமும் தடையுத்தரவு கேட்டுக் கெஞ்ச வேண்டாம். காகிதம் பதிவானதுமே கயிறு நின்றுவிடும்.

நம் ஊரில் ஆட்கொணர்வு மனு என்றதும் காணாமல் போன மகளைத் தேடும் தகப்பனோ, குண்டர் சட்டத்தில் உள்ளே போனவரின் மனைவியோதான் நினைவுக்கு வருவார்கள். அமெரிக்காவில் அதன் பெரும்பங்கு வேறு வேலைக்குப் போய்விட்டது. விசாரணை முடிந்து, தண்டனை விழுந்து, மாநில நீதிமன்றங்களில் மேல்முறையீடும் தோற்ற பிறகு, ‘என்னை அரசியல் சாசனத்துக்கு விரோதமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள்’ என்று கைதி ஃபெடரல் நீதிமன்றத்தின் கதவைத் தட்டுகிறானே, அந்த மனுவைப் பற்றித்தான் இந்த அத்தியாயம் முழுக்கப் பேசப்போகிறோம்.

ஷிபுயா ஜுகிரோ என்ற ஜப்பானிய மாலுமியின் வழக்கு ஒரு மாதிரி. நியூயார்க்கில் கொலைக் குற்றவாளியாகித் தண்டனை பெற்றவர். அவருடைய ஆட்கொணர்வு மேல்முறையீடு உச்ச நீதிமன்றம்வரை போய் 1891 மே மாதம் தோற்றது. ஜூலை 7-ஆம் தேதி சிங் சிங் சிறையில் புதிதாக வந்திருந்த மின்சார நாற்காலியில் அவரோடு சேர்த்து 4 பேரின் கதை முடிந்தது. வெர்மான்ட் மாநிலத்து மேரி ரோஜர்ஸ், கணவனைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட இளம்பெண். தூக்குத் தேதி பலமுறை தள்ளிப்போன பிறகு, 1905 நவம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அவருடைய மேல்முறையீட்டை நிராகரித்தது. டிசம்பர் 8 அன்று வின்ட்ஸர் சிறையில் தூக்கு. இந்த வழக்குகள் எல்லாமே வெற்று இழுத்தடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மாநில அரசுகளுக்கு அப்படித்தான் தெரிந்தது. ‘எங்கள் நீதிமன்றம் விதித்த தண்டனையை ஒரு வக்கீலின் கையெழுத்து நிறுத்தி வைப்பதா?’ என்ற புகைச்சல் நாடாளுமன்றம்வரை எட்டியது.

1908 மார்ச் 10 அன்று வந்த சின்னஞ்சிறு சட்டம் அதற்கான பதில். மாநில நீதிமன்ற உத்தரவால் அடைபட்டவரின் ஆட்கொணர்வு மனு தள்ளுபடியானால், இனி நேராக மேல்முறையீடு செய்ய முடியாது. தள்ளுபடி செய்த நீதிமன்றமோ, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரோ, மேல்முறையீட்டுக்கு நியாயமான காரணம் இருக்கிறது என்று சான்றிதழ் தர வேண்டும். மார்க் போட்ட வாத்தியாரிடமே மறுகூட்டலுக்கு எழுதி வாங்கிவரச் சொல்வது போன்ற ஏற்பாடு. அவர் மறுத்தால் போக இன்னொரு இடம் இருந்தது என்பது மட்டும் ஆறுதல்.

அந்த இன்னொரு இடம் எவ்வளவு முக்கியம் என்பது 6 ஆண்டுகளில் தெரிந்தது.

அட்லாண்டாவில் ஒரு பென்சில் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் லியோ ஃப்ராங்க். யூதர், நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்தவர். 1913 ஏப்ரலில் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்த 13 வயதுச் சிறுமி கொலையுண்டாள். பழி ஃப்ராங்க் மேல் விழுந்தது. ஜூலை கடைசியில் தொடங்கிய விசாரணை நடந்த நாட்களில் நீதிமன்றத்தைச் சுற்றிக் கூட்டம். ஜன்னல்கள் திறந்திருந்தன, வெளியே போட்ட சத்தம் உள்ளே ஜூரிகளின் காதில் விழும் தூரம். தீர்ப்பு நெருங்கியபோது நீதிபதி லெனார்ட் ரோன் ஃப்ராங்கின் வக்கீல்களைத் தனியே கூப்பிட்டார். ஒருவேளை ஜூரி ‘குற்றவாளி இல்லை’ என்று சொல்லிவிட்டால் உங்கள் கட்சிக்காரரும் நீங்களும் உயிரோடு வெளியே போவது கஷ்டம். தீர்ப்பு வாசிக்கும்போது நீங்கள் யாரும் உள்ளே இல்லாமலிருப்பது நல்லது என்றார். அப்படியே, ஆகஸ்ட் 25 அன்று குற்றம் சாட்டப்பட்டவரே இல்லாத நீதிமன்றத்தில் ‘குற்றவாளி’ என்ற தீர்ப்பு வாசிக்கப்பட்டது.

ஜார்ஜியா நீதிமன்றங்களில் மேல்முறையீடுகள் தோற்றன. உச்ச நீதிமன்றத்தை வேறு வழியில் அணுகியபோது நீதிபதி லமாரும் பிறகு நீதிபதி ஹோம்ஸும் நடைமுறைக் காரணம் காட்டி மறுத்தார்கள். ஆனால் ஹோம்ஸ், ஃப்ராங்குக்கு முறையான விசாரணை கிடைத்ததா என்பதில் தமக்குப் பலத்த சந்தேகம் உண்டு என்பதையும் சேர்த்து எழுதினார். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வக்கீல்கள் 1914 டிசம்பரில் அட்லாண்டா ஃபெடரல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். தள்ளுபடி. மேல்முறையீட்டுச் சான்றிதழ் கேட்டார்கள். அதுவும் இல்லை. மறுபடி லமாரிடமே ஓடினார்கள்.

ஜோசப் லமார் ஜார்ஜியாக்காரர். அந்த மாநில உச்ச நீதிமன்றத்திலேயே நீதிபதியாக இருந்தவர். டிசம்பர் 28 அன்று அவர் சான்றிதழில் கையெழுத்திட்டார். கொலை வழக்கில் தீர்ப்பு வாசிக்கும் வேளையில் குற்றம் சாட்டப்பட்டவர் அங்கே இருந்தாக வேண்டுமா என்பதை நம் நீதிமன்றம் இதுவரை தீர்மானித்ததில்லை. தீர்மானிக்காத கேள்வி என்றால் அது கேட்கத் தகுந்த கேள்விதானே என்பது அவருடைய நிலை.

1915 ஏப்ரல் 19 அன்று உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் ஃப்ராங்கின் மேல்முறையீட்டை நிராகரித்தது. எதிர்த்து எழுதியவர்கள் ஹோம்ஸும் ஹியூஸும். கதவைத் திறந்துவிட்ட லமார்? அந்த 7 பேரில் ஒருவர்.

இதை முரண்பாடு என்று சிலர் நினைக்கலாம். எனக்கோ இந்தச் சான்றிதழ் எப்படி இயங்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை. வாசலில் லமார் கேட்டுக்கொண்டது, ‘இது விவாதத்துக்கு உரியதா?’ என்பதை. உள்ளே 4 மாதம் கழித்து அவர் பதில் சொன்னது, ‘இது சரியா?’ என்பதற்கு. முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை. அவருடைய இரண்டாவது பதில் தவறு என்பதே இன்று பரவலான கருத்து. 1923-ல் அர்கன்சாஸ் கறுப்பினத்தவர் வழக்கில் ஹோம்ஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, கும்பலின் மிரட்டலுக்கு நடுவே நடந்த விசாரணை விசாரணையே அல்ல என்ற பக்கம் சாய்ந்துவிட்டது. ஃப்ராங்க் அதைப் பார்க்கவில்லை. 1915 ஜூன் 21 அன்று ஆளுநர் ஜான் ஸ்லேட்டன் தூக்கை ஆயுளாகக் குறைத்தார். ஆகஸ்ட் 17 அன்று, சிறையிலிருந்து ஒரு கும்பல் ஃப்ராங்கைக் கடத்திப்போய் மரியெட்டாவில் மரத்தில் தூக்கிலிட்டது.

அடுத்த 60 ஆண்டுகளைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். 1925-க்குப் பிறகு இந்த மேல்முறையீடுகள் உச்ச நீதிமன்றத்துக்கு நேராகப் போகாமல் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்குப் போயின. அமெரிக்காவில் இவற்றை சர்க்யூட் என்பார்கள்; ஒவ்வொன்றுக்கும் சில மாநிலங்கள். 1948-ல் சட்டத்தொகுப்பைத் திருத்தி எழுதியபோது சான்றிதழ் விதி 2253-ஆம் பிரிவில் போய் உட்கார்ந்தது. ‘நியாயமான காரணம்’ என்றால் எவ்வளவு என்று யாரும் அளந்து சொல்லவில்லை.

அளந்து சொன்ன வழக்கு 1983-ல் வந்தது. டெக்சஸில் போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர் தாமஸ் பேர்ஃபுட். அவர் இனியும் கொலை செய்வார் என்று அடித்துச் சொன்ன மனநல மருத்துவர்களில் ஜேம்ஸ் கிரிக்சன், பேர்ஃபுட்டை நேரில் பார்த்ததுகூட இல்லை. இந்த வகை ஜோசியம் 3-ல் 2 முறை பொய்க்கிறது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமே நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. பயனில்லை, பேர்ஃபுட் தோற்றார், 1984 அக்டோபரில் தண்டனை நிறைவேறியது. ஆனால் தீர்ப்பின் ஓரிடத்தில் நீதிபதி ஒயிட் சான்றிதழுக்கு ஓர் அளவுகோலை வைத்தார். கைதி ஜெயிப்பார் என்று காட்டத் தேவையில்லை. விஷயமறிந்த நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபட இடம் இருந்தால் போதும். மரண தண்டனை என்ற ஒன்றே சான்றிதழ் தரக் காரணமாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். தோற்றவரின் பெயரில் பிறந்த அளவுகோலைப் பிற்காலத்தில் எத்தனையோ கைதிகள் கையில் எடுத்தார்கள்.

1995 ஏப்ரல் 19. ஓக்லஹோமா நகர ஃபெடரல் கட்டடத்தில் வெடித்த குண்டு 168 உயிர்களைக் குடித்தது. அந்தக் கோபத்தின் சூட்டில் தயாரான சட்டத்தில் அதிபர் கிளின்டன் 1996 ஏப்ரல் 24 அன்று கையெழுத்திட்டார். பயங்கரவாதத் தடுப்பு என்று தலைப்பில் இருந்தாலும், சட்டத்தின் கூர்முனை பாய்ந்தது ஆட்கொணர்வு மனு மேல்தான். மனுப் போட ஓராண்டுக் கெடு வந்தது. சான்றிதழின் பெயர் மாறியது. எந்த ஃபெடரல் உரிமை மீறலும் போதும் என்று இருந்தது, அரசியல் சாசன உரிமை மீறலாகவே இருக்க வேண்டும் என்று சுருங்கியது. எந்தெந்தக் கேள்விக்காகச் சான்றிதழ் தரப்படுகிறது என்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். அதுவரை மாநிலக் கைதிகளுக்கு மட்டும் இருந்த தடுப்பு ஃபெடரல் கைதிகளுக்கும் நீண்டது.

இன்று ஒரு கைதியின் காகிதம் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். மாவட்ட நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்யும் அதே கையோடு, சான்றிதழ் உண்டா இல்லையா என்பதையும் எழுதியாக வேண்டும். 2009 டிசம்பர் முதல் இது விதி. ‘இல்லை’ என்றால் கைதி சர்க்யூட் நீதிமன்றத்தில் கேட்கலாம். தனியாக விண்ணப்பம் போடாமல் மேல்முறையீட்டு நோட்டீஸ் மட்டும் அனுப்பியிருந்தாலும் அதையே சான்றிதழ் விண்ணப்பமாக எடுத்துக்கொள்வார்கள். மாநிலக் கைதிக்கு 30 நாள் அவகாசம். தூக்குத் தண்டனைக் கைதிக்குச் சட்டப்படி வக்கீல் கிடைப்பார்; மற்றவர்களுக்கு அந்த உரிமை கிடையாது. ஆகவே இந்த மனுக்களில் பெரும்பாலானவை சிறை நூலகத்தில் உட்கார்ந்து கைதியே எழுதியவை. இதே வழக்கில் தோற்றது மாநில அரசாக இருந்தால்? அதற்குச் சான்றிதழே வேண்டாம். நேராக மேலே போகலாம். 1908-ன் புகைச்சல் எந்தத் தரப்பிலிருந்து கிளம்பியது என்பதை இந்த ஒரு விதி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

வாசலிலேயே மறுக்கப்பட்டவர் உச்ச நீதிமன்றம் போகலாமா என்பதே 1998 வரை தெளிவாக இல்லை. சான்றிதழ் மறுக்கப்பட்டால் அது ‘வழக்கு’ ஆகவே இல்லையே, எதை விசாரிப்பது என்றொரு பழைய தீர்ப்பு குறுக்கே கிடந்தது. ஹோன் என்ற ஃபெடரல் கைதியின் வழக்கில் 5-க்கு 4 என்ற மயிரிழையில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அந்த ஒரு வாக்கு மாறியிருந்தால் இனி சொல்லப்போகும் இரண்டு பேரும் வாசலிலேயே முடிந்திருப்பார்கள்.

தாமஸ் ஜோ மில்லர்-எல் கறுப்பர். 1985-ல் டல்லாஸில் ஒரு ஹோட்டலில் நடந்த கொள்ளையிலும் கொலையிலும் அடுத்த ஆண்டு மரண தண்டனை பெற்றவர். அவருடைய புகார் ஜூரி பொறுக்கிய விதம் பற்றியது. அழைக்கப்பட்ட 108 பேரில் கறுப்பர்கள் 20. அதில் 9 பேர் வேறு காரணங்களால் கழிந்தார்கள். மிஞ்சிய 11-ல் 10 பேரை அரசுத் தரப்பு, காரணம் சொல்லத் தேவையில்லாத நிராகரிப்பு உரிமையைக் கொண்டு வெளியேற்றியது. ஜூரியில் உட்கார்ந்தது ஒரே ஒருவர்.

வெளியேற்றும் வேலை கேள்வி கேட்கும்போதே தொடங்கிவிடும். மரண தண்டனை பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன், சிலரிடம் அரசு வக்கீல்கள் ஊசி போட்டுக் கொல்லும் காட்சியை அங்குலம் அங்குலமாக விவரித்தார்கள். கேட்பவர் மனம் இளகி, எனக்கு இதில் உடன்பாடில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அதையே காரணமாக்கலாம். இந்தக் கோர வர்ணனை 15 கறுப்பர்களில் 8 பேருக்கும் 49 வெள்ளையர்களில் 3 பேருக்கும் வாசிக்கப்பட்டது. டெக்சஸில் இன்னொரு பழக்கமும் உண்டு. ஜூரிக்கு வந்தவர்கள் உட்கார்ந்த வரிசைப்படிதான் கேள்விக்கு வருவார்கள். எந்தத் தரப்பும் வரிசையைக் கலைத்து அடுக்கச் சொல்லலாம். முன்வரிசையில் கறுப்பர்கள் நிறைந்திருந்த சமயங்களில் அரசுத் தரப்புக்குக் கலைக்கும் ஆசை வந்தது. அந்த மாவட்ட அரசு வக்கீல் அலுவலகத்தில் 1963-லேயே ஒரு சுற்றறிக்கை இருந்தது: சிறுபான்மை இனத்தவர் எவரையும், எவ்வளவு படித்தவராயினும் பணக்காரராயினும், ஜூரியில் சேர்க்காதே என்று பச்சையாகச் சொன்ன காகிதம்.

இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு மில்லர்-எல் கேட்டது, மேல்முறையீடு செய்ய அனுமதி. டெக்சஸ் உள்ளிட்ட மாநிலங்களின் ஐந்தாவது சர்க்யூட், ஆவணங்களை ஒன்றொன்றாக எடை போட்டு, மாநில நீதிமன்றம் சொன்னது சரிதான் என்று முடிவுகட்டி, சான்றிதழ் இல்லை என்றது.

2003 பிப்ரவரி 25 அன்று உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று அதைத் திருப்பியது. நீதிபதி கென்னடியின் தீர்ப்பு ஐந்தாவது சர்க்யூட்டுக்குப் பாடமே எடுத்தது. சான்றிதழ் கட்டத்தில் முழு வழக்கையும் விசாரிக்கச் சட்டம் சொல்லவில்லை, விசாரிக்கவே கூடாது. உள்ளே போய் முழுதாகக் கேட்ட பிறகு ஒரு நீதிபதிகூட கைதியின் பக்கம் நிற்கமாட்டார் என்றாலும், கேள்வி விவாதத்துக்கு உரியதாக இருந்தால் சான்றிதழ் தரலாம். லமார் 1914-ல் செய்து காட்டியதை, 88 ஆண்டுகள் கழித்து இலக்கணமாக எழுதியது போலிருந்தது. சான்றிதழோடு திரும்பிய வழக்கில் ஐந்தாவது சர்க்யூட் மறுபடியும் மில்லர்-எல்லைத் தோற்கடித்தது. 2005-ல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அதையும் ரத்து செய்து, ஜூரித் தேர்வில் இனப் பாகுபாடு நடந்தது என்றே தீர்ப்பளித்தது. விவாதத்துக்கே லாயக்கில்லை என்று வாசலில் சொல்லப்பட்ட வழக்கு, உள்ளே போய் ஜெயித்தது. 2008-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார்.

பாடம் மண்டையில் ஏறியதா? இல்லை என்பதற்கு டுவேன் பக் சாட்சி. 1995-ல் ஹூஸ்டனில் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றவர், குற்றத்தில் சந்தேகமில்லை. டெக்சஸில் மரண தண்டனை விதிக்க, ஆள் வருங்காலத்திலும் ஆபத்தானவன் என்று ஜூரி முடிவு செய்ய வேண்டும். அதற்கு மனநல நிபுணர் வால்டர் கிஹானோவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது பக்கின் சொந்த வக்கீல். நிபுணரின் அறிக்கையில் ஆபத்தைக் கணிக்கும் அம்சங்களில் ஒன்று இனம்: கறுப்பர் என்றால் ஆபத்து அதிகம். தன் கட்சிக்காரர் கறுப்பர் என்பது தெரிந்தே, அறிக்கையில் அப்படி இருப்பது தெரிந்தே, அந்த வக்கீல் அதை ஜூரி காதில் போட்டார்.

2000-ல் டெக்சஸ் அட்டர்னி ஜெனரல் ஜான் கார்னின், இதே நிபுணரின் இதே மாதிரிச் சாட்சியம் 6 வழக்குகளில் நுழைந்திருக்கிறது, அது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மற்ற 5 பேருக்கும் தண்டனை மறுவிசாரணைக்கு வந்தது. பக்குக்கு மட்டும் வரவில்லை. நிபுணரைக் கூப்பிட்டது அவருடைய வக்கீல்தானே என்பது மாநிலத்தின் பதில். 2011 செப்டம்பர் 15 அன்று கொலைக்கூடம்வரை தயாராகி, உச்ச நீதிமன்றத் தடையால் தப்பினார். பிறகு முடிந்த வழக்கைத் திரும்பத் திறக்கக் கேட்ட மனுவும் தோற்று, சான்றிதழ் கேட்டு ஐந்தாவது சர்க்யூட் வாசலுக்கு வந்தபோது பழைய பதிலே கிடைத்தது.

பக் தரப்பு உச்ச நீதிமன்றத்தில் ஒரு கணக்கு வைத்தது. சில ஆண்டுகளின் மரண தண்டனை வழக்குகளை எடுத்துக்கொண்டால், ஐந்தாவது சர்க்யூட் எந்தக் கேள்விக்கும் சான்றிதழ் தராமல் அனுப்பியது 100-க்கு ஏறக்குறைய 59, பக்கத்துப் பதினொன்றாவது சர்க்யூட்டில் சுமார் 6, நான்காவதில் ஒன்றுமில்லை. சட்டம் ஒன்று, சொற்கள் ஒன்று. 2017 பிப்ரவரி 22 அன்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் 6-க்கு 2 என்ற தீர்ப்பை எழுதினார். கேள்வியை ஐந்தாவது சர்க்யூட் சரியாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் வழக்கை உள்ளுக்குள் தீர்த்துவிட்டு அந்த விடையைத்தான் வாசலில் நீட்டியிருக்கிறது என்பது அவர் கண்டுபிடித்த குறை. அதே ஆண்டு அக்டோபரில் பக்கின் தண்டனை ஆயுளாக மாறியது.

ராபர்ட்ஸ் தீர்க்காத ஒன்று இன்னும் தொங்குகிறது. கருத்து வேறுபட இடமுண்டா என்பதுதானே கேள்வி. மூன்று நீதிபதிகள் அமர்ந்து, அதில் ஒருவரே ‘இருக்கிறது’ என்று எழுதினால்? மூன்றாவது, நான்காவது, ஏழாவது, ஒன்பதாவது சர்க்யூட்களில் அந்த ஒருவரின் வாக்கு போதும், கதவு திறக்கும். மிசூரியை உள்ளடக்கிய எட்டாவது சர்க்யூட்டில் மற்ற இருவர் சேர்ந்து மூடிவிடலாம். லான்ஸ் ஷாக்லி என்ற மரண தண்டனைக் கைதிக்கு அங்கே அப்படித்தான் மூடப்பட்டது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவருடைய வழக்கை எடுக்க மறுத்தது. நீதிபதி சோட்டோமேயர், நீதிபதி ஜாக்சனையும் சேர்த்துக்கொண்டு, விஷயமறிந்த நீதிபதி ஒருவர் வேறுபட்டு எழுதிய பிறகு வேறுபட இடமில்லை என்று எப்படிச் சொல்வது என்று எதிர்ப்பைப் பதிவு செய்தார். அந்த அக்டோபரில் மிசூரி ஷாக்லியின் தண்டனையை நிறைவேற்றியது. எட்டாவது சர்க்யூட்டின் வழக்கம் மாறவில்லை.

(அடுத்த இதழில்: ஓராண்டுக் கெடுவைத் தவறவிட்டவர்கள்)